வாய் திறக்காத வகுப்பில் அலுவலகப் பேச்சைக் கற்பிப்பது குறித்து

மயிலாடுதுறைப் பக்கத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், இறுதியாண்டு பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் 58 பேருக்கு வாரம் இரண்டு மணி நேரம் தொடர்புத் திறனும் பணியிடத் திறனும் கற்பிக்கும் பொறுப்பு வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துவது, வகுப்பு முழுவதையும் ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டுமா, என்ன கேட்டாலும் வாய் திறக்காதவர்களை எப்படிப் பேச வைப்பது, ஆண்கள் முன்னால் பேச மறுக்கும் மாணவிகளைக் கட்டாயப்படுத்தலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கின் அடியிலும் ஒரே கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆங்கிலம் சரளமாக வராத, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகிற ஒரு பிள்ளையை, ஒரே பருவத்தில், ஓர் அலுவலகத்தில் தயங்காமல் வேலை செய்யக்கூடியவராக ஆக்க முடியுமா என்பதே அது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல முயல்கிறேன்.

என் பதிலை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் தீர்மானிப்பதற்காக என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு டெல்டாவிலேயே இரண்டு கல்லூரிகளில் 16 ஆண்டுகள் வணிகவியல் ஆசிரியர். அதில் ஒன்பது ஆண்டுகள் இதே தாளை வெவ்வேறு பெயர்களில் நடத்தியிருக்கிறேன். ஆங்கில இலக்கியமோ மொழியியலோ நான் முறையாகப் படித்ததில்லை. சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பழைய மாணவர்கள் வந்து சொல்லித்தான் அறிவேன். ஆனால் இங்குள்ள ஆடிட்டர் அலுவலகங்கள், அரிசி ஆலைகள், ஜவுளிக்கடைகள், கூட்டுறவுச் சங்கங்கள், நிதி நிறுவனங்கள் ஆகியவற்றில் புதிதாகச் சேருகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

முடியும், ஆனால் ஒரு பகுதிதான் முடியும் என்பது என் பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 15 வாரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 30 மணி நேரம். 58 பேரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் வகுப்பின் முன் நின்று பேசினால் ஒரு சுற்றுக்கே 290 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போய்விடும். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்தாலும் ஒரு மாணவருக்கு ஆறு முறைக்கு மேல் வாய்ப்புக் கிடைக்காது. இந்த நேரத்தில் சரளமான ஆங்கிலம் வந்துவிடும் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஆனால் அலுவலகத்தில் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிற ஏழெட்டுச் செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, அவற்றில் ஒருவரை நம்பகமானவராக ஆக்க 30 மணி நேரம் போதும். தொலைபேசிச் செய்தியைக் குறித்துக்கொண்டு உரியவரிடம் சேர்ப்பது, ஒரு பொருளைக் கேட்டுச் செய்தி அனுப்புவது, புகாருக்குப் பதில் எழுதுவது, ஒரு கணக்கை வாடிக்கையாளருக்கு விளக்குவது, கூட்டத்தில் முடிவானதை எழுதிவைப்பது, தவறு நடந்ததை மேலதிகாரியிடம் சொல்வது போன்றவற்றைத்தான் சொல்கிறேன்.

வாய் திறக்காத மாணவர் என்று நீங்கள் எழுதியதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். சுய அறிமுகம் செய்யச் சொன்னால் பெயரும் ஊரும் சொல்லி உட்கார்ந்துவிடுவார். குறுவை அறுவடை சமயத்தில் இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். “கொள்முதல் நிலையத்துல நெல்லு கிடந்துச்சு சார்” என்றார். என்ன சிக்கல் என்று கேட்டதும் அவர் பேசத் தொடங்கி ஆறேழு நிமிடம் நிறுத்தவில்லை. 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு, கருவி 19-க்கு மேல் காட்டியது, சாலையில் கொட்டிக் காயவைத்தபோது மழை வந்தது, தார்ப்பாய் இரவலுக்குக் கிடைக்கவில்லை, 40 கிலோ சிப்பமாகக் கட்டியதைத் திரும்ப அவிழ்க்க வேண்டியதாயிற்று, பட்டியல் எழுத்தர் என்ன சொன்னார், அதற்கு அப்பா என்ன சொன்னார், மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசு அனுமதித்து வரம்பைத் தளர்த்துவது உண்டு, அந்த உத்தரவு இன்னும் வரவில்லை என்று எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னார். வகுப்பு முழுவதும் திரும்பி உட்கார்ந்து கேட்டது. முன்பின் வரிசை, காரணம், எண்கள், எதிராளி சொன்னதை நேர்மையாகச் சொல்வது என்று நல்ல அலுவலக அறிக்கைக்கு வேண்டிய அனைத்தும் அந்தப் பேச்சில் இருந்தன.

சொன்ன அதே செய்தியை, கொள்முதல் நிலையங்களைக் கவனிக்கும் மண்டல மேலாளருக்கு ஒரு பக்க விண்ணப்பமாக எழுதித் தரச் சொன்னேன். மறுநாள் வந்த தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா எல்லாம் ஒழுங்காக இருந்தன. உள்ளே, தான் ஓர் ஏழை விவசாயியின் மகன் என்றும், விவசாயிகள் மிகவும் துயரப்படுகிறார்கள் என்றும், ஐயா அவர்கள் தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எந்த நிலையம், எத்தனை சிப்பம், எந்தத் தேதி, ஈரப்பதம் எவ்வளவு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார் என்பவற்றில் ஒன்றுகூட இல்லை. வாயில் இருந்த அத்தனையும் தாளில் காணாமல் போயிருந்தது. நீங்கள் கற்பிக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வழியைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பிள்ளைக்குப் பேச வரும். படிவத்தைப் பார்த்ததும், வகுப்பு மேடையைப் பார்த்ததும், தான் பேசுவது மதிப்பெண் போடுகிறவருக்கு என்று ஆகிவிடுகிறது. கேட்டு அதன்படி ஏதாவது செய்யப்போகிற மனிதர் யாரும் எதிரில் இல்லாததால் பேச்சு வறண்டுவிடுகிறது.

எனவே எந்தப் பயிற்சியைக் கொடுத்தாலும், இதைப் படிக்கப்போகிறவர் யார், படித்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டுக் கொடுங்கள். “தொடர்பின் முக்கியத்துவம்” என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லாதீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கும்பகோணத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேருகிற மாணவருக்கு முதல் வாரமே வரும் வேலை, கடைக்காரர்களிடம் பில் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது. மாதாமாதம் கணக்குக் காட்டும் வணிகர், விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இதை வகுப்பில் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர், “சார், ஜிஎஸ்டி ஃபைல் பண்ணணும், பில் எல்லாம் சீக்கிரம் அனுப்புங்க” என்று எழுதுவார்கள். மரியாதை இருக்கிறது, செய்தி இல்லை. எந்த மாதத்துப் பில், எது வந்துவிட்டது, எது வரவில்லை, எந்தத் தேதிக்குள் வேண்டும், தாமதமானால் என்ன ஆகும், கடைக்காரருக்கு அனுப்புவதில் சிரமம் இருந்தால் நாம் என்ன செய்வோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதே வகுப்பில் இரண்டாவது முறை எழுத வையுங்கள். மூன்றாவது முறை எழுதும்போது இப்படி ஒன்று வந்தது: “வணக்கம் ஐயா. செப்டம்பர் 1 முதல் 20 வரையுள்ள விற்பனைப் பில்கள் வந்துவிட்டன. 21 முதல் 30 வரை உள்ளவை வரவில்லை. அக்டோபர் 11 கடைசி நாள். பிந்தினால் நாளொன்றுக்குத் தாமதக் கட்டணம் ஏறும். 8-ஆம் தேதி மாலைக்குள் அனுப்பினால் சரிபார்த்துவிடுவோம். கடையில் ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.” எழுதிய மாணவி வலங்கைமானைச் சேர்ந்தவர். கடைசி வாக்கியத்தை நான் சொல்லித்தரவில்லை. தன் மாமா கடையை நினைத்து அவராகவே எழுதியது. ஒரே செயலை மூன்று முறை செய்ய வைப்பது சலிப்பாகத் தோன்றும், பாடத்திட்டம் நகரவில்லை என்று துறையிலும் கேட்பார்கள். ஆனாலும் முப்பது செயல்களை ஒவ்வொரு முறை செய்வதைவிடப் பத்துச் செயல்களை மும்மூன்று முறை செய்வது பலன் தருகிறது என்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

மொழியைப் பற்றி. முழுவதும் ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லி உங்களுக்கு அழுத்தம் வரும். இதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சுற்றிலும் ஆங்கிலம் கேட்டுக்கொண்டிருந்தால்தான் பழகும் என்று சொல்பவர்களின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் டெல்டாவில் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் தமிழில் பேசுகிறார்; பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது; தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போகிறது. 1904-இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கி இன்றும் அவ்வூரிலேயே தலைமையகம் கொண்டிருக்கும் சிட்டி யூனியன் வங்கி போன்ற பெரிய நிறுவனத்திலிருந்து ஊர்முனை உரக்கடை வரை இதுதான் நிலை. ஆகவே இங்கே ஊழியருக்கு வேண்டிய திறமை, தமிழில் கேட்டதைப் பிசகாமல் ஆங்கிலத்தில் குறித்து மேலே அனுப்புவதும், ஆங்கிலத்தில் வந்த விதியைத் தமிழில் எதிரே நிற்பவருக்குப் புரியும்படி சொல்வதும் ஆகும். நான் செய்தது இது: முதல் நான்கு வாரம் எல்லாப் பயிற்சியும் தமிழில். சிந்தனை ஒழுங்குபட்ட பிறகு, ஐந்தாம் வாரத்திலிருந்து அதே பயிற்சிகள் ஆங்கிலத்தில். ஒருவர் வாடிக்கையாளராக மூன்று நிமிடம் தமிழில் குறை சொல்வார். எதிரில் இருப்பவர் அதை நான்கு வரி ஆங்கிலக் குறிப்பாக எழுத வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருப்பதால், எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் முயற்சி செய்தால் போதும் என்றாகிறது. உச்சரிப்பைத் திருத்த நான் முயன்றதில்லை. அதற்கான பயிற்சி எனக்கு இல்லை. சென்னையில் அழைப்பு மையம் போன்ற வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு இந்த வகுப்பு போதாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

வேலை கேட்டு எழுதும் கடிதம் நடத்தும்போது நான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கடிதத்தைச் சொல்வது வழக்கம். கும்பகோணத்தில் வளர்ந்தவர், அங்குள்ள அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிர்த்த பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தவர் சீனிவாச ராமானுஜன். அவர் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கம், சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக இருக்கிறேன் என்பதுதான். தனக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு தானாக என்ன செய்தார் என்று சொல்கிறார். செய்ததைத் தாளோடு இணைக்கிறார். பார்த்துவிட்டு ஆலோசனை சொல்லும்படி கேட்கிறார். அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதிப் பலன் கிடைக்காமல் போனதும் உண்டு. மாணவர்களுக்கு அவருடைய கணிதம் புரிய வேண்டியதில்லை. நான் யார், என்னிடம் இல்லாதது எது, நான் செய்தது இது, சான்று இதோ, உங்களிடம் கேட்பது இது என்ற வரிசை புரிந்தால் போதும். கும்பகோணத்துக்காரர் என்பதால் வகுப்பு கூடுதலாக உற்றுக் கேட்கும். அந்த உரிமையை நான் தயங்காமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

இனி, பயிற்சி முகாம்களில் உங்களிடம் உறுதியாகச் சொல்லப்படும், ஆனால் உறுதியில்லாத சில விஷயங்கள். தொடர்பில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொற்களுக்கு 7 சதவீதமே பங்கு என்று படக்காட்சியில் போடுவார்கள். இந்த எண்கள் பிறந்த இடம், ஆல்பர்ட் மெராபியன் என்ற உளவியல் அறிஞர் 1967-இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். அவற்றில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்ல வைத்தும் முகப் படங்களைக் காட்டியும், சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் செய்தார்கள். உணர்வையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்கு அப்பால் இந்த விகிதம் பொருந்தாது என்று மெராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். கடன் தவணையை விளக்கும் ஊழியரின் சொற்களுக்கு 7 சதவீத மதிப்புத்தான் என்று மாணவர் நம்பிவிட்டால், அவர் கை கட்டும் விதத்தைத் திருத்திக்கொண்டிருப்பார், வட்டியைத் தப்பாகச் சொல்வார். அதேபோல, மாணவர்களைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து அதற்கேற்ப நடத்த வேண்டும் என்பதும். உளவியல் ஆய்வாளர் ஹெரால்ட் பாஷ்லரும் மற்றவர்களும் 2008-இல் அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். வினாத்தாளில் இவை வந்தால் மாணவர் எழுதட்டும். உங்கள் 30 மணி நேரத்தை இவற்றுக்குக் கொடுக்காதீர்கள். குழு விவாதத்தைப் பற்றி எனக்கு நடுநிலைதான். ஏற்கெனவே பேசத் தெரிந்த நால்வர் பேசி மற்ற ஆறு பேர் தலையாட்டுவதே பெரும்பாலும் நடந்தது. தலைப்புக்குப் பதிலாக, இத்தனை ரூபாயில் துறை விழாவுக்குப் பட்ஜெட் போட்டு முடிவை எழுதிக் கொண்டுவாருங்கள் என்று கொடுத்தபோது சற்று மேம்பட்டது.

திருத்துவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தாள் முழுவதும் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பது உழைப்பாகத் தெரியும், ஆனால் அடுத்த தாளில் அதே பிழைகள் வரும். பின்னூட்டம் கொடுத்தாலே திறன் வளரும் என்பதும் உண்மையில்லை. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்தபோது, சராசரியில் பின்னூட்டம் உதவினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் அதற்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். என் அனுபவமும் அதுவே. “உனக்கு ஆங்கிலம் வராது” என்று ஒரு முறை சொன்னால் அந்த மாணவரை அந்தப் பருவம் முழுவதும் இழந்துவிடுவோம். “தேதி இல்லை, சேர்த்து எழுது” என்றால் சேர்த்துவிடுவார். ஒரு தாளுக்கு இரண்டே குறிப்புகள் எழுதுங்கள், அதில் ஒன்று கட்டாயம் செய்தி விடுபட்டது பற்றியதாக இருக்கட்டும். இலக்கணப் பிழையில், பொருளை மாற்றிவிடும் பிழையை மட்டும் வட்டமிடுங்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை முதல் பிரதிக்குக் கொடுக்காமல் மூன்றாம் பிரதிக்குக் கொடுங்கள். திரும்ப எழுதுவதற்கு அப்போதுதான் மதிப்பு வரும்.

நேர்முகத் தேர்வுக்கான பயிற்சியில் மாணவர்கள் தம் வாழ்க்கையை மறைப்பதுதான் பெரிய தடை. தஞ்சாவூர் ஜவுளிக்கடை ஒன்றில் தீபாவளி சமயத்தில் 40 நாள் வேலை செய்த மாணவர், பயோடேட்டாவில் அதை எழுதவில்லை. கேட்டபோது, “அதெல்லாம் வேலையா மேடம், சேல்ஸ்மேன்தானே” என்று என் சக ஆசிரியையிடம் சொன்னாராம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் புத்தகம் படித்தல் என்று எழுதியிருந்தார், எந்தப் புத்தகமும் படித்ததில்லை. அவரை உட்கார வைத்து, சூழல் என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், முடிவு என்ன ஆயிற்று என்று நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டோம். நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லும் நேர்முகக் கேள்விகளுக்குப் பதிலளிக்க உலகெங்கும் பழக்கத்தில் உள்ள முறைதான் இது. அளவு மாறிப்போன சட்டைகளைத் திருப்பித் தர வந்த ஒரு குடும்பத்தின் கோபத்தை எப்படிச் சமாளித்தார், பில் இல்லாமல் மாற்றித்தர முடியாது என்ற விதியை எப்படிப் பக்குவமாகச் சொன்னார், கடைசியில் அவர்கள் எதை வாங்கிக்கொண்டு போனார்கள் என்று முழுக் கதையும் வந்தது. கல்யாணத்தில் பந்தி பரிமாறப் போனவர், கோயில் திருவிழாவில் வரிப்பணக் கணக்கு எழுதியவர், அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுப் பதிவேட்டை எழுதித் தருபவர் என்று உங்கள் 58 பேரிலும் இருப்பார்கள். முதல் மாதத்திலேயே ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு செய்தியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பருவம் முழுவதும் பயன்படும்.

பணியிடத் திறன் என்பதில் பேச்சும் எழுத்தும் தவிர வேறொன்றும் இருக்கிறது. வங்கியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய இருவரில் ஒருவருடைய பணத்தை மற்றவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். மாலையில் கணக்கைச் சரிபார்க்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. பயத்தில் சொல்லவில்லை. மறுநாள் காலை சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் நான் வாய் திறப்பதற்குள் பணம் எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெற நானும் மேலாளரும் மூன்று முறை அந்த வீட்டுக்கு நடந்தோம். தவறுக்காக அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நேற்று அஞ்சு மணிக்குச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை தம்பி” என்று மட்டும் சொன்னார். வகுப்பில் இதற்கென்று ஒரு பயிற்சி வைத்திருந்தேன். ஒருவர் மேலதிகாரி, மற்றவர் தவறு செய்த ஊழியர். என்ன நடந்தது, இப்போது நிலை என்ன, உடனே செய்யக்கூடியது என்ன என்ற மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்பது அதற்குப் பிறகு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர் முன் தவறை ஒப்புக்கொள்வது ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கிறது. இந்தப் பயிற்சியை மூன்று முறைக்கு மேலும் செய்ய வைக்கலாம். வரமுடியாத நாளில் முன்கூட்டித் தகவல் சொல்வது, புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது ஆகியவையும் இதே வகைதான். தனி வகுப்பு வேண்டாம், உங்கள் வகுப்புக்கு வராதவர் உங்களுக்குக் காலை ஒன்பது மணிக்குள் ஒழுங்கான செய்தி அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தாலே பழகிவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் வாரமே எதிர்கொள்வீர்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து வீட்டிலிருந்து எழுதிவரச் சொல்லும் கடிதங்கள் எல்லாம் பிழையற்ற ஆங்கிலத்தில் வருகின்றன, ஒன்றிலும் ஊர்ப்பெயரோ தொகையோ இருப்பதில்லை. தடை போடுவதில் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, நாளை அலுவலகத்திலும் பயன்படுத்தத்தான் போகிறார்கள். முதல் பிரதியை வகுப்பில் கையால் எழுத வைத்து, பிறகு கருவி எழுதியதோடு ஒப்பிட்டு எது விடுபட்டது என்று குறிக்கச் சொன்னேன். இதை இரண்டு ஆண்டுகள்தான் செய்திருக்கிறேன்; நீண்டகாலத்தில் எழுத்து வளருமா தேயுமா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. என் வகுப்பால்தான் மாணவர்களுக்கு வேலை கிடைத்தது என்றும் சொல்லமாட்டேன். அப்படி ஒப்பிட்டு அளந்ததில்லை.

புத்தகக் கேள்விக்கு வருகிறேன். தொடர்பின் வகைகள், தடைகள், அறிக்கையின் பகுதிகள் முதலிய கோட்பாட்டு அலகுகளுக்குப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த நூலே போதும், ஆறு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மீதி 24 மணி நேரத்துக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். வங்கிச் சலான், காசோலை திரும்பிய அறிவிப்பு, மின்வாரிய அறிவிப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்ட அழைப்பிதழ், தெரிந்த கடைக்காரர் ஒருவரின் பழைய கொள்முதல் ஆணை என்று பெயர்களை மறைத்து 30 தாள் சேர்த்தால் அதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் உங்கள் கல்லூரிக்கு ஆங்கிலப் பயிற்சி வந்திருந்தால், அதில் என்ன நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு அதை விட்டு வேறு செய்யுங்கள்.

மாணவிகளைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு, மேடைக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் பேசுவதிலிருந்து விலக்கும் அளிக்காதீர்கள் என்பது என் பதில். மறுப்புக்குக் கூச்சம் ஒரு காரணம். பேசியது தெருவில் கேலியாகத் திரும்பி வரும், வீட்டுக்குச் செய்தி போகும் என்ற அச்சம் மற்றொரு காரணம், அந்த அச்சம் பல ஊர்களில் நியாயமானது. அதனால் வகுப்பில் கேலி செய்பவர் மீது முதல் நாளிலேயே கண்டிப்பாக இருங்கள். முதல் மூன்று வாரம், அவர்கள் தேர்ந்தெடுக்கும் தோழியோடு முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து தொலைபேசியில் பேசுவதுபோலப் பேசட்டும். முகம் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் 28 இணைகளும் ஒரே நேரத்தில் பேசுவதால் யார் பேசுவதும் தனியாகக் கேட்காது. பிறகு நால்வர் குழு, அதன்பின் இரு பாலரும் கலந்த நால்வர் குழு, பத்தாம் வாரத்துக்குப் பிறகு மொத்த வகுப்பு. பத்தாம் வாரத்திலும் முன்னால் வர மறுத்தவர்களுக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாம் என்று அனுமதித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் குறைக்கவில்லை. முதுகுக்கு முதுகாக உட்காருவதற்கு நீள பெஞ்சு வசதிப்படாது. முடிந்தால் தனி நாற்காலி உள்ள அறையை இப்போதே துறைத்தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.